தில்லி கூலரும் சென்னை ஐஸ் ஹவுஸும்

சென்ற மே மாதம் சென்னையிலிருந்து வந்திருந்த என் மைத்துனர், எங்கள் வீட்டுக் கூலருக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "அத்திம்பேர், மயிலாப்பூருக்கும் இதுபோல் ஒன்று வாங்கிப் போகிறேன்" என்றார். "வேண்டாம், பணம் வீண்" என்றேன். "ஏன் தாத்தா?" என்று கேட்டாள் எட்டாவது படிக்கும் பேத்தி. அவளுக்குச் சொன்ன பாடத்தையே இங்கே எழுதுகிறேன்.

பனிக்கட்டி, நீர், ஆவி மூன்றும் ஒரே பொருளின் மூன்று நிலைகள். ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு மாற, நீர் ஒரு விலை கேட்கிறது. 0 டிகிரியில் உள்ள ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். உருகி முடியும்வரை வெப்பமானி 0 டிகிரியை விட்டு அசையாது. அந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 100 கலோரி. கொதிக்கும் நீர் முழுவதும் ஆவியாக இன்னும் 540 கலோரி! அப்போதும் வெப்பமானி 100 டிகிரியிலேயே நிற்கும்.

கொடுத்த வெப்பம் எங்கே போயிற்று? ஒன்றையொன்று பற்றி நிற்கும் மூலக்கூறுகளைப் பிரிப்பதில் செலவாயிற்று. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் என்ற அறிஞர் 1760-களில் இதை விளக்கினார்.

சென்னைக் கடற்கரையில் 'ஐஸ் ஹவுஸ்' பார்த்திருப்பீர்கள். 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கிய கட்டடம். அமெரிக்காவின் குளங்களில் வெட்டிய பனிக்கட்டியைச் சேமிக்க, பிரெடரிக் டியூடர் என்ற வணிகரின் கம்பெனி 1842-ல் கட்டியது. அதற்கு முன்பே, 1833-ல், அவருடைய சரக்கு பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்றது. ஏற்றியது சுமார் 180 டன். நான்கு மாதம் வெப்பக் கடல்களில் பயணம் செய்தும் சுமார் 100 டன் மிஞ்சியது. வெப்பம் எளிதில் புகாதபடி பொதிந்திருந்தார்கள். புகுந்த வெப்பமும் கிராமுக்கு 80 கலோரி செலுத்தினால்தானே உருக்க முடியும்!

வாங்கிய வெப்பத்தை, ஆவி மீண்டும் நீராகும்போது ஒரு பைசா குறையாமல் திருப்பித் தந்துவிடும். ரயில்வேயில் நான் பயிற்சி பெற்ற நாளில் நீராவி எஞ்சின் ஷெட்டில் சொல்லித்தந்த முதல் பாடமே, ஆவி கசியும் இடத்தில் கையை நீட்டாதே என்பதுதான். கொதிநீர் பட்டால் சுடும். அதே எடையுள்ள ஆவி பட்டால், கூடுதலாக அந்த 540 கலோரியும் தோலில் இறங்கும். பிரஷர் குக்கரை அவசரமாகத் திறக்கும் தாய்மார்கள் இதை மறக்க வேண்டாம்.

இனி கூலருக்கு வருவோம். நீர் ஆவியாகக் கொதிக்கத்தான் வேண்டும் என்பதில்லை. கொடியில் காயும் துணியிலும் ஆவியாகிறது; வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மே மாதத்து லூ காற்று எலும்புபோல் உலர்ந்தது. கூலரின் ஈரப் புல்தட்டி வழியே நுழைந்ததும் தன் வெப்பத்தை நீருக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து வருகிறது. அந்நாளில் வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்ததும் இதே தத்துவம்தான்.

சென்னைக் காற்றிலோ கடலின் ஈரம் முன்பே இருக்கிறது. மேலும் நீரை ஏற்க அதில் இடம் குறைவு. ஜூலை வந்தால் தில்லியிலும் அதே கதைதான். நான் தில்லிக்கு வந்த முதல் ஜூலையில், குளிர் வெளியே போகக்கூடாதென்று ஜன்னலை எல்லாம் அடைத்துக் கூலரை ஓட்டினேன். நள்ளிரவில் குடும்பமே வியர்த்து நனைந்து எழுந்து உட்கார்ந்தது! ஈரக்காற்று வெளியேற ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்று அன்று கற்றேன்.

குழந்தைகளே, ஒரு சோதனை. காற்றின் வெப்பத்தை அளக்கும் இரண்டு வெப்பமானிகளை எடுங்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, இரண்டையும் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். ஈரக்குமிழ் குறைவாகக் காட்டும். வித்தியாசம் அதிகமானால் கூலர் நன்றாக வேலை செய்யும். குறைந்தால் செய்யாது.

இது கூலருக்கு மட்டுமான கணக்கல்ல. நம் உடம்பும் ஒரு கூலர். வியர்வைதான் அதன் தண்ணீர். 2024 மே 29 அன்று சப்தர்ஜங்கில் 46.8 டிகிரி பதிவாயிற்று. அத்தகைய உலர் வெயிலில் வியர்வை நமக்குத் தெரியாமலே ஆவியாகிவிடும். ஆகவே தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்த வேண்டும். ஜூலையிலோ வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. உடம்பின் சூடு இறங்காது. அன்று வெப்பமானி 36 டிகிரிதான் காட்டுகிறதே என்று ஏமாறக்கூடாது.

என் பேத்தி இப்போது இரண்டு வெப்பமானிகளைப் பால்கனியில் தொங்கவிட்டிருக்கிறாள். இரண்டும் நெருங்கி நிற்கும் நாளில், "தாத்தா, இன்று மதியம் மார்க்கெட்டுக்குப் போகக்கூடாது" என்று உத்தரவு போடுகிறாள். நானும் கீழ்ப்படிகிறேன்.