தானிய உணவும் லைசின் தேவையும்

அரிசி, கோதுமைப் புரதங்களில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. வயதுவந்தோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 12 மில்லிகிராம் லைசின் போதுமென 1985ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவனக் கூட்டறிக்கை கூறிற்று. இவ்வளவையே கொண்டால், வயிறார உண்ணும் தானியமே போதுமானதாகிவிடும்.

பெங்களூரு விவேக் நகரை அடுத்த கோரமங்கலாவிலுள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் அனுரா குர்பாட் குழுவினர், அமெரிக்காவின் வெர்னன் யங்குடன் இணைந்து இதை மறுபடி அளந்தனர். கார்பன்-13 சேர்த்த லூசின் இதற்குக் கருவியாயிற்று. உணவில் லைசின் குறைந்தால், உடல் லூசினைக் கொண்டு புரதம் கட்ட இயலாமல் அதை எரித்துவிடுகிறது. வெளிவிடும் மூச்சில் அந்தக் கார்பன் மிகுகிறது. இவ்வாறு 24 மணி நேரம் அளந்ததில், தேவை ஏறத்தாழ 30 மில்லிகிராம் எனத் தெரிந்தது. 2007ஆம் ஆண்டின் கூட்டறிக்கையும் அவ்வளவையே ஏற்றது.

நெடுங்கால ஊட்டக்குறைவுற்ற ஆடவரிடம் தேவை 44 மில்லிகிராம் வரை உயர்ந்திருந்தது. குடற்புழு நீக்கிய பின் அது குறைந்தது. எனவே கழிப்பறைக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பகுதியை உணவுக் கணக்கிலேயே எழுதலாம் எனத் தோன்றுகிறது.

2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பத்தாருக்கு நபருக்கு மாதம் 5 கிலோ தானியம் உறுதி செய்கிறது. பருப்பு அதில் இல்லை. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளோ 2007 முதல் துவரம்பருப்பையும் மானிய விலையில் வழங்கி வருகின்றன.