45 என்று எழுதிய பிள்ளை எங்கே?

அன்புள்ள தம்பி,

கீழ்பென்னாத்தூர் ஒன்றியத்தில் நீ ஆண்டாய்வு செய்த தொடக்கப் பள்ளியைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்தேன். ஊர்ப் பெயரைப் போடாமல் விட்டிருக்கிறாய், நல்லது. ஆனால் செஞ்சி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரையோடு உள்ளே போக வேண்டும் என்று எழுதினாயே, அதிலேயே எனக்குப் பள்ளி தெரிந்துவிட்டது. அந்தக் கரையில் சைக்கிள் மிதித்தவன் நான்.

கழிப்பறை, குடிநீர், சமையற்கூடம், பதிவேடுகள் பற்றியெல்லாம் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. டி.ஆர்.பி. எழுதி நேரே வட்டாரக் கல்வி அலுவலர் நாற்காலியில் உட்கார்ந்தவன் நீ. விதிமுறை உனக்குத் தலைகீழ்ப் பாடம். நான் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, தலைமையாசிரியராகி, கடைசியில் உதவித் தொடக்கக் கல்வி அலுவலராக ஓய்வு பெற்றவன். விதியில் நீ பெரியவன், கரும்பலகையில் நான். அதனால் கரும்பலகையைப் பற்றியே பேசுகிறேன்.

“மூன்றாம் வகுப்பு நோட்டுகளைப் புரட்டினேன், ஒரு பிழைகூடக் கண்ணில் படவில்லை” என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியோடு இதழை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மிச்சத்தைப் படித்தேன். எட்டு வயசுப் பிள்ளைகள் ஒரு வகுப்பு முழுக்க எழுதிய நோட்டில் பிழையே இல்லையா? அப்படியென்றால் டீச்சர் போர்டில் எழுதிப்போட்டதைப் பிள்ளைகள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு டிக், கீழே தேதி, சுருக்கொப்பம். அதிகாரி வரும் நாளில் மேசைமேல் அடுக்குவதற்கென்றே பிறந்த நோட்டு அது. அந்த அடுக்கைப் பார்த்து நீ மயங்கிவிட்டாய் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

ஒரு பள்ளி நல்ல பள்ளியா இல்லையா என்று தெரிந்துகொள்ள நான் கடைசிவரை நம்பியது ஒன்றைத்தான்: பிள்ளைகள் என்ன தப்புப் பண்ணுகிறார்கள், அந்தத் தப்பை வைத்துக்கொண்டு டீச்சர் என்ன பண்ணுகிறார். மற்றதெல்லாம் மல்லாட்டைச் செடியின் மேல்பச்சை. பிடுங்கிப் பார்க்காமல் காய் தெரியாது.

நீயும் கொஞ்சம் பிடுங்கிப் பார்த்திருக்கிறாய், அதை ஒத்துக்கொள்கிறேன். போர்டில் 52 கழித்தல் 17 என்று போட்டாய். பெரும்பாலோர் 35 என்று சரியாக எழுதினார்கள், இரண்டு பேர் மட்டும் 45 என்று எழுதினார்கள், ‘அவர்களுக்குக் கூடுதல் பயிற்சி தர அறிவுறுத்தினேன்’ என்று முடித்துவிட்டாய். என்ன பயிற்சி, தம்பி? அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு, எப்படிப் போட்டாய் என்று கேட்டாயா?

45 இரண்டு வழியில் வரும். ஒரு பிள்ளை ஒன்றாம் இடத்தில் 2-ஐயும் 7-ஐயும் பார்த்து, பெரியதிலிருந்து சின்னதைத்தான் கழிக்க முடியும் என்று 7-இல் 2 போக 5 எழுதுவாள். பத்தாம் இடத்தில் 5-இல் 1 போக 4. இன்னொரு பிள்ளை பக்கத்து வீட்டில் கடன் வாங்கி 12-இல் 7 போக 5 என்று ஒழுங்காகப் போட்டுவிட்டு, கடன் கொடுத்த வீட்டில் 5 இப்போது 4 ஆகிவிட்டதை மறந்து, 5-இல் 1 போக 4 எழுதுவான். இரண்டுமே 45. ஆனால் முதல் பிள்ளைக்குக் கடன் வாங்குவதே தெரியாது. குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்டி அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு முக்கால்வாசி தெரியும். 5-ஐ அடித்து மேலே 4 எழுதும் பழக்கம் வந்தால் போதும். இருவருக்கும் ஒரே ‘கூடுதல் பயிற்சி’ கொடுத்தால் ஒருத்திக்குப் புரியாது, ஒருவனுக்குச் சலித்துப்போகும்.

குறை உன் கணக்கிலும் இருக்கிறது. 17-க்குப் பதில் 18 போட்டிருக்க வேண்டும். 52 கழித்தல் 18: கடன் வாங்கவே தெரியாத பிள்ளை 46 என்று எழுதும், வாங்கிவிட்டுக் குறைக்க மறந்த பிள்ளை 44 என்று எழுதும், சரியாகப் போட்ட பிள்ளை 34. கூட்டிப்போட்ட பிள்ளை 70. பலகையைப் பார்த்த மாத்திரத்தில் யாருக்கு என்ன வியாதி என்று தெரிந்துவிடும். பள்ளியை அளக்கப் போகிறவன் கணக்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போக வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது வாய்க்கு வந்த எண்ணைப் போடக்கூடாது.

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு தலைமையாசிரியை. வேட்டவலம் பக்கத்தில் ஒரு ஈராசிரியர் பள்ளி, 1990-களின் நடுப்பகுதி. திருவண்ணாமலை மாவட்டம் 1989-இல் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் வேலூருக்கு ஓடிய பாடு ஓய்ந்திருந்த சமயம். அந்த அம்மா பெட்டியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். அட்டையில் பெயர் இல்லை. உள்ளே பக்கத்துக்கு ஒரு பிள்ளை. பிள்ளை எழுதிய தப்பு விடை, தேதி, எதிரே ‘பூஜ்யத்தை விட்டுவிடுகிறான்’, ‘7-ஐத் திருப்பி எழுதுகிறாள்’, ‘ல, ள ஒன்றாகக் கேட்கிறது’ என்று பென்சிலில் ஒரு வரி. சில வரிகளை அடித்திருந்தார். எதற்கு அடித்தீர்கள் என்றேன். “அது போயிருச்சு சார்” என்றார். எந்தச் சுற்றறிக்கையும் கேட்காத பதிவேடு அது. அப்படி ஒன்று இருந்ததை அந்த அம்மா வேறு எந்த அதிகாரியிடமும் காட்டியிருக்கமாட்டார். மேலே ரிப்போர்ட் போட ‘பாடக்குறிப்பு எழுதப்பட்டுள்ளதா’ என்று ஒரு கலம் இருந்தது. இதற்குக் கலம் இல்லை.

அப்புறம், அந்தச் சுவர். ‘வண்ணச் சித்திரங்கள் குழந்தைகளை வரவேற்கின்றன’ என்று யானை, மயில், ரயில்பெட்டி எல்லாவற்றையும் அரைப்பக்கத்துக்கு வர்ணித்திருக்கிறாய். அந்த ரயில்பெட்டி ஓடுகிற இடத்தில் முன்பு என்ன இருந்தது தெரியுமா? கீழ்மட்டக் கரும்பலகை. செயல்வழிக் கற்றல் 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்தபோது, தரையில் உட்கார்ந்த பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் வகுப்பைச் சுற்றிக் கருப்புப் பட்டை அடித்து, பிள்ளைக்கு ஒரு கட்டம் ஒதுக்கினோம். அட்டைகள், ஏணிப்படி, வட்டம் வட்டமாக உட்காருவது பற்றி ஆயிரம் சண்டை நடந்தது. நானே பல சண்டையில் இருந்தேன். ஆனால் அந்தக் கட்டங்களை மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. வகுப்பின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், அத்தனை பிள்ளைகளின் அத்தனை தப்பும் சுவரில் இருக்கும். யாரும் ஒளிக்க முடியாது, டீச்சரும் சேர்த்து. இப்போது அதன்மேல் பெயின்ட் அடித்து ரயில் விட்டிருக்கிறார்கள். நீ கை தட்டுகிறாய்.

கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டாடுவது நம் பக்கத்தில் பழைய வழக்கம்தான். காமராசர் ஆட்சியில் நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊரார் பெஞ்சு, கடிகாரம், சீருடை, கட்டடம் என்று கொடுத்தார்கள். அன்றைக்கு அது ஞாயம். தலைக்குமேல் கூரையே இல்லாத இடத்தில் முதலில் கூரையைத்தான் பார்க்க வேண்டும். இன்று கூரை இருக்கிறது, காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் இருக்கிறது, திறன்மிகு பலகைகூட இருக்கிறது. பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்கு, பிள்ளையின் விரலைப் பார்.

விரல் என்று சும்மா சொல்லவில்லை. ஒரு சிறுமி தமிழ்ப் பாடத்தைத் ‘தங்குதடையின்றி’ வாசித்ததாக எழுதியிருக்கிறாய். எந்தப் பாடம்? அந்தப் பருவத்தின் முதல் பாடம். முதல் பாடத்தை ஊரில் ஆடு மேய்க்கிறவர்கூட வாசிப்பார், அவ்வளவு முறை காதில் விழுந்திருக்கும். வாய் ஒரு வரியில் இருக்கும், விரல் வேறு வரியில் இருக்கும். நடுவில் நிறுத்தி, “இந்தச் சொல் என்ன?” என்று விரல்மேல் விரல் வை. பிள்ளை மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தால் அது வாசிப்பு இல்லை, பாட்டு. அசர் ஆய்வுக்காரர்கள் 2005 முதல் செய்வதில் இது ஒன்று எனக்குப் பிடிக்கும்: பாடப் புத்தகத்தைத் தொடுவதில்லை. ஒரே தாளில் எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புக்கான பத்தி, இரண்டாம் வகுப்புக்கான கதை என்று வைத்துக்கொண்டு வீட்டுக்கே போகிறார்கள். பள்ளிக்குப் போனால் வந்த பிள்ளைதான் கிடைக்கும். வீட்டுக்குப் போனால் வராத பிள்ளையும் கிடைக்கும். அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், பாட்டியோடு இருக்கும் பிள்ளை, மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில் காட்டில் இருக்கும் பிள்ளை. உன் கட்டுரையில் அவர்களில் ஒருவரும் இல்லை. டீச்சர் கை காட்டிய சிறுமிதான் இருக்கிறாள்.

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்தது எனக்குச் சரியாகவே பட்டது. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் இடத்தைப் பார்க்கிற ஏற்பாடு அது. ஆனால் ஒரு பள்ளியில் எத்தனை மலர் என்று எண்ணி எழுதுவதில் என்ன இருக்கிறது? போன பருவத்தில் அரும்பாக இருந்த பிள்ளை இப்போது எங்கே என்று கேள். ஒரே ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டு கேள்.

இரண்டாவது கோபம் சின்னது. ‘தனியார் பள்ளிக்கு நிகராக’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். எந்தத் தனியார் பள்ளி? காலையில் மேக்களூர் பக்கமும் சோமாசிபாடி பக்கமும் வேன் அனுப்பிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறதே, அதுவா? அங்கே கழித்தல் கணக்கை எப்படி நடத்துகிறார்கள் என்று யார் போய்ப் பார்த்தோம்? டை, ஷூ, டைரி, ஆங்கிலத்தில் நாலு வரி. பெற்றோரைக் குறை சொல்லமாட்டேன், அவர்கள் கண்ணுக்கு வேறு எதையும் நாம் காட்டவில்லை. ஆனால் அதிகாரியும் அதே டையைக் கையில் எடுத்து அளந்தால் எப்படி? அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவு தொடங்கியும் வேன் நிற்கவில்லை. அவர்கள் ஓட்டத்தை நாமும் ஓடுகிறவரைக்கும் நாம் பின்னால்தான்.

திட்டி முடித்தாயிற்று. இப்போது உன் ஐந்தாவது பத்தி.

தலைமையாசிரியை கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றுச்சுவர் ஓரமாக நெட்வொர்க் தேடுகிறார், வருகை ஏற வேண்டும். இன்னொரு டீச்சர் பயிற்சிக்குப் போயிருக்கிறார். ஐந்து வகுப்பும் ஒரே அறையில். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து போய், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சிலேட்டில் ‘அ’ போட்டுத் தருகிறான், யாரும் சொல்லாமலே. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். அந்தக் கணக்கில் ஆள்தான் வருகிறது, வகுப்பு வரவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாய். அப்பா! தொடக்கக் கல்வியைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், ஈராசிரியர் பள்ளியை இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அந்தப் பத்தியை வெட்டி என் பீரோ கதவில் ஒட்டியிருக்கிறேன். அதை எழுதிய கை எப்படி அந்த ரயில்பெட்டியையும் எழுதியது என்றுதான் விளங்கவில்லை.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போவாய் அல்லவா? குழுவில் பெரும்பாலோர் பெற்றோர். தீர்மானத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதே. ஆளுக்கு அவரவர் பிள்ளையின் கணக்கு நோட்டைக் கொடு. மூன்றே மூன்றைத் தேடச் சொல்: தப்பு இருக்கிறதா, அதன் பக்கத்தில் டீச்சர் ஏதாவது எழுதியிருக்கிறாரா, அதற்கப்புறம் பிள்ளை அதே மாதிரிக் கணக்கை மறுபடி போட்டிருக்கிறதா. இதற்குப் படிப்பு வேண்டாம். கைநாட்டு வைக்கும் தாய்க்கும் சிவப்பு மை தெரியும், இரண்டாவது முறை எழுதியதும் தெரியும். டையையும் வேனையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பார்க்க ஒன்று கிடைக்கும். டீச்சர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். நோட்டை மூடி வைப்பதற்குப் பதில் நீயே உட்கார்ந்து அவர்களோடு இரண்டு தப்பைப் பிரித்துக் காட்டினால் சரியாகிவிடுவார்கள். பிறகு அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுது, அந்த ஐந்தாவது பத்தி மாதிரி.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உன் பழைய ஏ.இ.இ.ஓ.

பி.கு.: காலை உணவுத் திட்டம் 2023-இல் தொடங்கியதாக எழுதியிருக்கிறாய். தொடங்கியது 2022 செப்டம்பர் 15, மதுரையில். மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அதை விரித்தது 2023 ஆகஸ்ட் 25, திருக்குவளையில். விரிவாக்க விழாவைத் தொடக்க விழா என்று எடுத்துக்கொண்டாய், அதுதான் காரணம். அடுத்த இதழில் திருத்தம் போடு.