உளவியல் சிகிச்சை ஆய்வில் சேருமுன்

மாத்திரை வேண்டாம், பேசித் தீர்க்கும் சிகிச்சை கிடைக்குமா என்று கேட்டு வருகிறவர்களில் சிலர், ஏதோ ஓர் ஆய்வின் அறிவிப்பையும் கையோடு கொண்டுவருகிறார்கள். இலவசம் என்று போட்டிருக்கிறது, சேரலாமா என்கிறார்கள். சேரலாம். அங்கே நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்று அறிய ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்காகவே சமவாய்ப்புப் பகிர்வு (யாருடைய விருப்பமும் கலக்காமல் குலுக்கல் முறையில் குழு பிரிப்பது) செய்கிறார்கள். மருந்து ஆய்வில் போலி மாத்திரை கொடுத்து, யாருக்கு எது என்பதை மறைக்கலாம். ஆலோசனையை அப்படி மறைப்பது கடினம். எந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்பது பெரும்பாலும் உங்களுக்கே தெரிந்துவிடும். எனவே முதலில் கேட்க வேண்டியது இது: ‘ஒப்பீட்டுக் குழுவில் (புதிய சிகிச்சை பெறாத குழு) விழுந்தால் எனக்கு என்ன கிடைக்கும்?’ வழக்கமான சிகிச்சையா, காத்திருப்புப் பட்டியலா, எத்தனை மாதம்? இதற்குத் தெளிவான பதில் வராத இடத்தில் கையெழுத்திடாதீர்கள்.

கோவாவில் நடந்து 2017-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு நல்ல உதாரணம். 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுள்ள 495 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் வரை நடத்தினார்கள். மற்றவர்களையும் கைவிடவில்லை, பரிசோதனை முடிவை அவர்களுடைய மருத்துவரிடம் தெரிவித்தார்கள். மூன்று மாதத்தில் ஆலோசனைக் குழுவில் 64 சதவீதத்தினரும், மற்ற குழுவில் 39 சதவீதத்தினரும் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். ஆலோசனை பெற்றும் மீளாதவர்கள் மூன்றில் ஒருவருக்கு மேல் என்பதையும் இந்தக் கணக்கில் பாருங்கள். ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.கியூ-9 படிவத்தில் 27-க்கு 14-ஐத் தாண்டியவர்களுக்கே அதில் இடம். மதிப்பெண் குறைந்ததால் ஓர் ஆய்வு உங்களைச் சேர்க்கவில்லை என்றால், அந்த ஆய்வின் கேள்விக்கு நீங்கள் பொருந்தவில்லை, அவ்வளவுதான். உங்கள் வேதனை பொய் என்று யாரும் சொல்லவில்லை.

தேட வேண்டிய இடம், மத்திய அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவகமான சி.டி.ஆர்.ஐ. இணையதளம். 2007 முதல் இயங்குகிறது. யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பதிவுகள் ஆங்கிலத்தில் இருப்பதால் படித்த பிள்ளை ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். நோயின் பெயரைக் கொடுத்துத் தேடி, ஆய்வின் வகை ‘பிஹேவியரல்’ (நடத்தை சார்ந்தது) என்று இருக்கிறதா, இன்னும் ஆள் சேர்க்கிறார்களா, எந்த ஊரில் நடக்கிறது, யாரைச் சேர்ப்பார்கள், நெறிமுறைக் குழு (பங்கேற்பவர்களின் நலன் காக்கும் குழு) ஒப்புதல் தந்திருக்கிறதா என்று பாருங்கள். விசாரிக்க வேண்டியவரின் முகவரியும் அதிலேயே இருக்கும். பதிவு எண் இருப்பதாலேயே அரசு நற்சான்று கொடுத்துவிட்டது என்று பொருளில்லை. எண்ணே இல்லாமல் வாட்ஸ்அப்பில் சுற்றும் அழைப்பு, கட்டணம் கேட்பது, குணம் உறுதி என்பது ஆகியவற்றைக் கண்டால் விலகிவிடுங்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டில் வைத்து நிதானமாகப் படியுங்கள். இத்தகைய ஆய்வுகளில் அமர்வுகளை ஒலிப்பதிவு செய்வது வழக்கம். யார் கேட்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று விசாரியுங்கள். பழைய காயங்களைப் பேசும்போது சில நாட்கள் மனம் கூடுதலாகக் கலங்கலாம். அப்போது யாரை அழைப்பது என்பதும் படிவத்தில் இருக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம். அதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்தக் கூடாது.

மாத்திரை சாப்பிட்டால் ஆய்வில் இடம் கிடைக்காது என்று எண்ணிச் சிலர் அதைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். இது ஆபத்து, நோய் திரும்பக்கூடும். மதிப்பெண் கூடட்டும் என்று பதில்களை மிகைப்படுத்துவதும் வேண்டாம், தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விக்கு மழுப்புவதும் வேண்டாம். அந்த எண்ணம் இருப்பவர் ஆய்வுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

கடைசி அமர்வு முடிந்ததும் ஆலோசகரும் போய்விடுவார். அதற்குப் பிறகு எந்த மருத்துவரிடம் போவது, ஆய்வுக் குறிப்புகள் அவருக்குக் கிடைக்குமா என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.