வீட்டில் தியானம்: பயனும் எல்லையும்

புணே நகரின் வடமேற்கிலுள்ள பாணேர், 1990-களில் மாநகராட்சியுடன் இணைக்கப்படும் வரை, துகாய் தேவி கோயில் கொண்ட குன்றின் அடிவாரத்தில் அமைந்த ஒரு கிராமமேயாகும். அண்மையிலுள்ள ஹிஞ்சவடியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வளர்ந்ததும், வயல்கள் இருந்த இடங்களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. வருவாய் பெருகியது; அதனுடன் சாலை நெரிசலும், இரவிலும் ஓயாத அலுவலகத் தொடர்பும், உறவினர் அருகில் இல்லாத தனிக்குடும்ப வாழ்வும் வந்து சேர்ந்தன. இத்தகைய குடும்பங்களுக்கு இன்று பலரும் கூறும் பரிந்துரை, வீட்டிலேயே நாள்தோறும் சிறிது நேரம் தியானம் செய்க என்பதாகும். இப்பரிந்துரை எந்த அளவுக்கு ஆதாரம் உடையது என்பதை ஆராய்வது பயனுடையது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு விளக்கம். அன்றாட நெருக்கடியால் எழும் மன அழுத்தம் வேறு. மனச்சோர்வு என்னும் நோய் வேறு. பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாக்கி விடுவதால் விளையும் தீங்கு சிறிதன்று.

நெருக்கடி ஏற்படும்போது பரிவு நரம்பு மண்டலம் தூண்டப்படுகிறது. அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய சுரப்புகள் மிகுகின்றன, இதயத் துடிப்பு விரைவுபடுகிறது, தசைகள் இறுகுகின்றன. ஆபத்திலிருந்து தப்ப உடல் செய்துகொள்ளும் இந்த ஏற்பாடு, ஆபத்து நீங்கியதும் அடங்க வேண்டும். மேலதிகாரியின் கடிதமும் வீட்டுக் கடன் தவணையும் நாள்தோறும் வரும் ஆபத்துகளாகிவிட்டால், அது முழுமையாக அடங்குவதில்லை. மெதுவாக, நிமிடத்துக்கு ஆறு முறை அளவில் மூச்சு விடும்போது எதிர்ப்பரிவு நரம்புகளின் ஆதிக்கம் ஓங்கி, இதயத் துடிப்பு தணிகிறது. தியானத்தில் மறைபொருள் ஏதுமின்றி விளக்கக்கூடிய பகுதி இதுவே.

இத்துறையின் ஆராய்ச்சி வரலாற்றில் புணே மாவட்டத்துக்கு உரிய இடம் உண்டு. ஜகந்நாத் கணேஷ் குணே என்ற இயற்பெயர் கொண்ட சுவாமி குவலயானந்தர், 1924-இல் லோணாவளாவில் கைவல்யதாமத்தை நிறுவி, ‘யோக மீமாம்சா’ என்ற ஆய்விதழையும் தொடங்கினார். யோகப் பயிற்சியின்போது உடலில் நிகழ்வதை எக்ஸ் கதிராலும் அழுத்தமானிகளாலும் அளந்து காட்ட அவர் முனைந்தார். நம்புவோருக்கும் மறுப்போருக்கும் அவர் முன்வைத்தது அளவீடு. 1961-இல் டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் ஆகியோர் யோகிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தனர். சமாதி நிலையில் ஒலி, ஒளி போன்ற தூண்டுதல்களாலும் அவர்களின் ஆல்பா அலைகள் கலையவில்லை. ஆயினும், மாலையில் களைத்து வீடு திரும்பும் ஓர் எழுத்தர் யோகியல்லர்.

சாதாரண மக்களுக்குரிய முறை ஒன்றை 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜான் கபாட்-சின் தொடங்கினார். எட்டு வாரப் பயிற்சியான இதன் பெரும்பகுதி வீட்டில் செய்யவேண்டியதாகும். 2014-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர் 47 சோதனைகளை, 3,515 பேரைப் பற்றிய முடிவுகளை, ஒருசேர மதிப்பிட்டனர். பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றின் குறிகள் குறைவதற்கு நடுத்தர வலிமையுள்ள ஆதாரம் கிடைத்தது. பொதுவான மன அழுத்தத்தைப் பொறுத்தவரை ஆதாரம் அதனினும் குறைவே. உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிடத் தியானம் மேலானது என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை. விளம்பரங்கள் இந்தப் பிற்பகுதியைச் சொல்வதில்லை.

வீட்டில் செய்யும் முறை எளியது. நாற்காலியிலோ பாயிலோ முதுகு நிமிர்ந்து அமரலாம். பத்து அல்லது பதினைந்து நிமிடம் இயல்பான மூச்சைக் கவனிக்க வேண்டும். மனம் அலையும், அலைந்ததை உணர்ந்து, கடிந்துகொள்ளாமல் மூச்சுக்கு மீட்பதே பயிற்சி. எண்ணமற்ற நிலையை எதிர்பார்ப்பவர்களே ஒரு வாரத்தில் கைவிடுகின்றனர். தனியறை கிட்டாத சிறு வீடுகளில், பிறர் எழுமுன் உள்ள நேரமே பொருத்தமானது. அவ்வேளையிலும் சமையலறையில் நிற்க வேண்டிய இல்லத்தரசிக்கு அந்தப் பதினைந்து நிமிடத்தை யார் விட்டுக்கொடுப்பது என்பது குடும்பம் தீர்க்க வேண்டிய கேள்வி.

பொருளாதார நோக்கில் இன்னொன்றும் கவனத்துக்குரியது. தியானத்துக்குப் பணச்செலவு இல்லை. ஆனால் நேரச்செலவு முழுவதும் தனிமனிதரைச் சாரும். பயணத்தில் இரண்டு மணி நேரம் இழப்பவரின் அழுத்தத்துக்குப் போக்குவரத்து வசதியும் வேலைநேர ஒழுங்கும் மருந்தாகும். நிறுவனம் தியான வகுப்பு நடத்திவிட்டு நள்ளிரவுப் பணியைத் தொடருமானால், தன் செலவை ஊழியரின் தலையில் ஏற்றுகிறது என்றே கொள்ள வேண்டும்.

எல்லை மற்றொரு பக்கமும் உண்டு. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு உடையவர்கள். கோளாற்றின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரையிலானோர் சிகிச்சை பெறவில்லை. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோர்வு, உறக்கமின்மை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை உள்ளவரைக் கண்மூடி அமரச் சொல்வது போதாது. சிலருக்குத் தனித்த மௌனம் துயரை மிகுவிக்கவும் கூடும். அவர்களுக்கு மருத்துவரின் உதவி தேவை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும், தமிழிலும் மராத்தியிலும், கட்டணமின்றி அழைக்கலாம்.