குருவிச்சையின் மருந்தும் நஞ்சும்

வளவில் நிற்கும் மாமரத்தையோ பலாமரத்தையோ அண்ணாந்து நோக்கும் கமக்காரர், மரத்தின் இலைக்கு ஒவ்வாத தடித்த இலைகளையுடைய செடியொன்று கிளையிற் கொத்தாகப் படர்ந்திருக்கக் காண்பர். இதுவே குருவிச்சை, புல்லுருவி எனவும் வழங்குவர். இதனை வெட்டி எறிவதா, மருந்துக்கு உதவுமென விட்டுவைப்பதா என்னும் ஐயம் பலருக்கு உண்டு. அவ்வையத்தைத் தீர்ப்பதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

வாழும் முறை

நம் நாட்டிற் பரவலாகக் காணப்படும் குருவிச்சையினத்தின் தாவரவியற் பெயர் தெந்துரொப்தே பல்காற்றா என்பதாம். இது 300 க்கும் மேற்பட்ட தாவர இனங்களின்மீது வளரவல்லது. இதன் பழச்சதை பசை போன்றது. பழத்தை உண்ணும் பூக்கொத்தி முதலிய சிறு பறவைகளால் விதை கிளையில் ஒட்டி முளைக்கின்றது. முளையிலிருந்து தோன்றும் பருகி என்னும் உறுப்பு கிளையின் மரப்பகுதியுட் புகுந்து நீரையும் உப்புக்களையும் உறிஞ்சுகின்றது. பச்சையிலை உடைமையால் மாப்பொருளைத் தானே ஆக்கிக்கொள்ளும். எனினும் அது பற்றிய இடத்துக்கு அப்பாலுள்ள கிளை மெலிந்து, காய்ப்புக் குன்றி, ஈற்றிற் பட்டுப்போகும். வரட்சிக் காலத்தில் இத்தீங்கு மிகும்.

அடங்கியுள்ள இரசாயனப் பொருள்கள்

இதன் இலையில் தனின்களும், குவெர்செற்றின், குவெர்சிற்றின் முதலிய பொருள்களும் உள்ளன. தனின் துவர்ப்புடையது, புண்ணைச் சுருக்கும் இயல்பினது. இலைச்சாற்றைக் கொண்டு எலிகளில் நடாத்திய ஆய்வுகளிற் புண்கள் விரைவில் ஆறின. ஆயினும் எலியிற் கண்ட பயன் மனிதருக்கும் கிட்டுமென உறுதி கூறல் இயலாது.

ஐரோப்பாவில் ஆப்பிள் முதலிய மரங்களில் வளரும் குருவிச்சையின் சாறு 1917 ஆம் ஆண்டு தொடக்கம் புற்றுநோயாளருக்கு ஊசிமருந்தாக ஏற்றப்பட்டு வருகின்றது. அது நோயைத் தீர்க்குமென நிறுவப்படவில்லை; அமெரிக்க உணவு மருந்து நிருவாகமும் அதனை அந்நோய்க்கு அங்கீகரிக்கவில்லை. அன்றியும் அது வேறு குடும்பத்துச் செடி. ஆகவே அச்செய்தியைக் கேட்டு நம் வளவுக் குருவிச்சையைக் காய்ச்சிக் குடித்தல் தகாது.

மரத்தின் நஞ்சு செடியிலும் சேரும்

குருவிச்சை தான் பற்றிய மரத்தின் சாற்றோடு அதன் நஞ்சையும் உறிஞ்சக்கூடும். செவ்வலரியில் வளர்ந்த குருவிச்சையில், அலரிக்குரிய இதயத்தைத் தாக்கும் நஞ்சுகள் இருந்தமை 1961 இல் வெளியான ஆய்வொன்றிற் காட்டப்பட்டது. எட்டி மரத்திற் படர்ந்த புல்லுருவியிலும் ஸ்திரிக்னின், புரூசின் என்னும் எட்டி நஞ்சுகள் காணப்பட்டுள்ளன. காய்ச்சுவதாலோ உலர்த்துவதாலோ இந்நஞ்சுகள் நீங்கா. வெட்டிய கொத்தைப் பார்த்து, அது மாவில் வளர்ந்ததா எட்டியில் வளர்ந்ததா எனக் கூறல் அரிது. வைத்தியர்கள் குருவிச்சையை மரத்தின் பெயரோடு சேர்த்துக் கூறுவதன் பயன் இதனால் விளங்கும்.

எனவே மருந்துக்கெனக் கொண்டுசெல்வோர், அது பற்றியிருந்த கிளைத்துண்டையும் மரத்தின் இலையையும் உடன் கொண்டுசென்று, தகுதி பெற்ற வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். மரம் தெரியாத குருவிச்சையைச் சிறுவருக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தல் பேராபத்தாகும். அலரி, எட்டி ஆகியவற்றில் வளர்ந்ததை ஆட்டுக்குக் குழையாகவும் போடலாகாது.

அகற்றும் முறை

1. பழம் பழுக்குமுன் வெட்டுக. பழுத்தபின் வெட்டினால், விதை ஏலவே அயல் மரங்களுக்குப் பரவியிருக்கும்.

2. செடியை மாத்திரம் ஒடித்தாற் போதாது. கிளையினுள் எஞ்சிய பருகியிலிருந்து மீண்டும் தளிர்க்கும். அது பொருந்திய இடத்திலிருந்து அடிமரப் பக்கமாக ஓரடி தள்ளிக் கிளையை வாளால் அறுத்து நீக்குக.

3. அடிமரத்திலோ பெருங்கிளையிலோ பற்றியிருப்பின், தளிர்க்குந்தோறும் செதுக்கி எறிக. இலையின்றி அது நாளடைவில் நலியும்.

4. அயலவரும் ஒரே காலத்தில் வெட்டுதல் நன்று. ஒருவர் வளவில் விடப்பட்ட செடியின் விதையைப் பறவை மற்றவர் மரத்துக்குக் கொண்டுசெல்லும்.

மருந்தென எண்ணிக் காய்க்கும் மரத்தை இழவாதீர். மரம் அறியாது குருவிச்சையை மருந்தாக உண்ணாதீர்.