பூஜ்யத்தை எப்போது எழுதுவது?

அன்புள்ள தம்பி,

போர்டில் ஓடிக்கொண்டிருக்கும் ரூட் பார்ட்டிஷன் மேலேயே புது இமேஜை எழுதப்போவதாகச் சொன்னாய். உட்கார்ந்த கிளையை வெட்டுகிற வேலை அது. ஏ, பி என இரண்டு வை. ஏ-யில் ஓடும்போது பி-யில் எழுது. கெர்னலும் டிவைஸ் ட்ரீயும் அந்தந்தப் பார்ட்டிஷனுக்குள்ளேயே இருக்கட்டும். செட்டிங்குகளுக்குத் தனியாக மூன்றாவது ஒன்று.

இரண்டு வைத்தாலே தப்பித்தோம் என்று நம்பி நான் பட்ட பாட்டையும் கேள்.

பூட்லோடரான யூ-பூட்டின் கணக்கு எளிது. ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் பூட்கவுன்ட் ஒன்று ஏறும். அது பூட்லிமிட்டைத் தாண்டினால், வழக்கமான பூட்சிஎம்டி-க்குப் பதில் ஆல்ட்பூட்சிஎம்டி ஓடும். பழைய பார்ட்டிஷனுக்குத் திரும்பும் கட்டளையை அதில் நாம்தான் எழுத வேண்டும். லிமிட் 3 என்றால் நான்காவது பூட்டில் திரும்பிவிடும். எல்லாம் சரியென்றால் கவுன்ட்டைப் பூஜ்யமாக்குவது லினக்ஸின் பொறுப்பு.

அந்தப் பூஜ்யத்தை ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே வைத்துவிட்டேன். புது கெர்னலில் மோடம் டிரைவர் விட்டுப்போயிருந்தது. போர்டு எழுந்தது, 'சரி' என்று குறித்துக்கொண்டது, நெட்வொர்க் மட்டும் வரவில்லை. நல்ல பதிப்பு அடுத்த பார்ட்டிஷனில் சும்மா கிடக்க, நான் லேப்டாப்பும் சீரியல் கேபிளுமாகப் பஸ் ஏறி, போர்டுகள் இருந்த மோட்டார் கொட்டகை கொட்டகையாக அலைந்தேன்.

எனவே பூஜ்யத்தைக் கடைசியில் எழுது. அப்ளிகேஷன் ஓடி, மோடம் எழுந்து, அடுத்த அப்டேட் வரக்கூடிய வழி திறந்திருக்கிறதா என்று பார்த்தபிறகு எழுது. பத்து நிமிடத்தில் அது நடக்காவிட்டால் போர்டு தானே ரீபூட் ஆகட்டும், கவுன்ட் ஏறும்.

கெர்னல் பாதியில் உறைந்தால் ரீபூட்டே நடக்காது, கவுன்ட்டும் ஏறாது. அதனால், உறைந்தால் போர்டை ரீசெட் செய்யும் வாட்ச்டாக்கை யூ-பூட்டிலேயே கிளப்பிவிடு. கவுன்ட்டை யூ-பூட்டின் என்விரான்மென்டில் வைத்திருந்தால், அப்டேட் முடிந்ததும் அப்கிரேட்_அவைலபிளை 1 ஆக்க மறக்காதே. இல்லாவிட்டால் கவுன்ட் சேமிக்கப்படாது. என்விரான்மென்டுக்கும் இரண்டு பிரதி வேண்டும். எழுதுகிற நொடியில் கரண்ட் போனால் மற்றொன்று இருக்கும்.

உன் மேஜையிலேயே, வேண்டுமென்று கெடுத்த இமேஜ் ஒன்றை முதலில் அனுப்பு. எழுதும்போது நடுவில் பிளக்கைப் பிடுங்கு. நீ கைவைக்காமல் போர்டு பழையதற்குத் திரும்பினால் எனக்கு எழுது. நல்ல இமேஜை அனுப்பும் தேதியை அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்