வீட்டுக்கு ஒரு கணினி: வாங்குமுன் அறிய வேண்டுவன

பாடாங் செராய்க்கு அருகில் உள்ள ஒரு தோட்டத்தில் பால் வெட்டும் தம்பதியர், ஆறாம் படிவத்தில் பயிலும் தங்கள் மகனுக்காக 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மடிக்கணினி வாங்கினர். முன்னர் ஏதோ ஓர் அலுவலகத்தில் பயன்பட்ட பழைய கணினி. விலை 850 வெள்ளி. அவ்வாண்டு பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 வெள்ளியில் அது சரிபாதி. மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அக்டோபர் மாதத்தில், இக்கணினியின் இயங்குதளத்திற்கு இனி ஆதரவு இல்லை என்றும், புதிய இயங்குதளம் இதில் ஏறாது என்றும் திரையில் அறிவிப்பு வந்தது. பையன் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

கடைக்காரர் பொய் சொல்லி விற்றார் என்று கூற இயலாது. அவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டார். வாங்கியவர்களுக்கும் அதைக் கேட்கத் தெரியவில்லை. அந்த ஒன்றையும் அதனைச் சார்ந்த வேறு சிலவற்றையும் தோட்டத்து வாசகர்கள் அறிந்திருத்தல் நலம்.

கணினி என்றதும் அது நமக்கு எட்டாத பொருள் என்று எண்ணுவோர் இன்னும் உள்ளனர். கெடாவில் வாழும் நாம் அவ்வாறு எண்ணுவதற்குக் காரணமே இல்லை. இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் ஆலையை 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் அமைத்தது. பின்னர் கூலிமிலும் ஆலை எழுப்பியது. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் இன்று பல சில்லு ஆலைகள் இயங்குகின்றன. அயல்நாட்டில் உருவாகும் சிலிக்கான் தகடுகளைச் சில்லுகளாக அறுத்து, உறையிட்டு, சோதித்து அனுப்பும் வேலையில் இவ்வட்டாரத்துக்குப் பெரும் பங்குண்டு. மேசைக் கணினிகளில் உள்ள பல இண்டெல் சில்லுகளின் உலோக மூடியில் ‘மலாய்’ என்னும் சொல் ஆங்கில எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். அதிகாலையில் ஆலைப் பேருந்து ஏறும் நம் பிள்ளைகளில் யாரேனும் அச்சில்லைச் சோதித்தும் இருக்கலாம்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். பழைய கணினியை வாங்குவோர் முதலில் கேட்க வேண்டுவது, “இதன் மூளைச் சில்லு எத்தனையாவது தலைமுறை?” என்பதே. புராசசர் எனப்படும் இச்சில்லின் பெயரிலேயே விடை இருக்கிறது. ‘ஐ5-6300யு’ என்றிருந்தால், கோட்டிற்குப் பின் வரும் முதல் எண் 6. எனவே அது ஆறாம் தலைமுறை. ‘ஐ5-8250யு’ எட்டாம் தலைமுறை. ‘ஐ5-10210யு’ என ஐந்து எண்கள் வந்தால் முதலிரண்டையும் சேர்த்துப் பத்தாம் தலைமுறை எனக் கொள்ள வேண்டும். இண்டெல் நிறுவனம் பெயரிடும் முறையைப் பின்னர் மாற்றிக்கொண்டது. ஆயினும் பழைய கணினிகளுக்கு இக்கணக்கே பொருந்தும்.

இவ்வெண் ஏன் முக்கியம்? மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் நாள் நிறுத்தியது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதலான இண்டெல் சில்லுகளையும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் கேட்கிறது. ஆகவே ஆறு, ஏழாம் தலைமுறைக் கணினிகள் பழுதின்றி ஓடினாலும் புதிய இயங்குதளத்திற்குத் தகுதியற்றவையாயின. அலுவலகங்கள் கழித்துவிடும் இத்தகைய கணினிகள் துடைத்து மெருகிடப்பட்டுக் கடைகளுக்கு வருகின்றன. சிலர் தடையைக் குறுக்குவழியில் மீறி விண்டோஸ் 11ஐ ஏற்றியும் விற்பர். அவ்வாறு ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி கூறுவதில்லை.

ஆதரவு நின்றதும் கணினி நின்றுவிடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். காட்டுப் பன்றி வேலியைப் பிய்த்த இடத்தை யாரும் அடைக்காவிட்டால் எப்படியோ, அப்படித்தான். கட்டுரை எழுதுவதற்கு மட்டும் அதனை வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கைத் திறப்பதற்கு வைத்துக்கொள்ளலாகாது. தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்களைப் பெறலாம் என மைக்ரோசாப்ட் அறிவித்தது. அது ஓராண்டுத் தவணைதான்.

அடுத்து, நினைவகமும் சேமிப்பகமும். கடைகளில் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவர். வெட்டுக்காரருக்கு இதனை விளக்குவது எளிது. பால் சுமக்கும் வாளி போன்றது நினைவகம்; ஸ்டோர் போன்றது சேமிப்பகம். ஸ்டோர் எவ்வளவு பெரிதாயினும், வாளி சிறிதானால் நடை பலவாகும். ஸ்டோர் நிரைக்கு வெகு தொலைவில் இருந்தால் ஒவ்வொரு நடையும் நெடுநேரமாகும். பழைய சுழல்வட்டு, தொலைவில் உள்ள ஸ்டோர். எஸ்எஸ்டி எனப்படும் அசையும் உறுப்பற்ற சேமிப்பகம், நிரையின் அருகிலேயே இருக்கும் ஸ்டோர். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி நினைவகம் போதும் என்பது மைக்ரோசாப்டின் குறைந்தபட்ச விதி. பழகிப் பார்த்தவர் எவரும் அதைப் போதும் என்று கூறார். 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் பள்ளி, கல்லூரி வேலைகளுக்குப் போதுமானவை. 2025ஆம் ஆண்டின் பிற்பாதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகச் சந்தையில் ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான மாபெரும் தரவு மையங்கள் அவற்றை அள்ளிக்கொண்டதே காரணம். எனவே, நினைவகத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று எண்ணாமல், முதலிலேயே போதிய அளவுடன் வாங்குதல் மேல்.

அந்தச் செயற்கை நுண்ணறிவின் பெயரால் புதிய கணினிகளும் விற்கப்படுகின்றன. 2024ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் அறிமுகப்படுத்திய ‘கோபைலட் பிளஸ்’ வகைக் கணினியில், வினாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகளைச் செய்யும் தனிச் சில்லும் 16 ஜிபி நினைவகமும் இருத்தல் வேண்டும். வியப்பான பொருள்தான்; புதிய கருவி எதைக் கண்டாலும் கை துறுதுறுக்கும் என் போன்றோருக்கு அதனை மறுத்துப் பேசுவது எளிதன்று. எனினும், தவணைக்கு வாங்கும் தோட்டத்துக் குடும்பத்திற்கு அது வேண்டியதில்லை என்பதே என் கருத்து. கேள்வி கேட்டு விடை பெறும் செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் இணையத்தின் வழியே நடப்பவை. சாதாரணக் கணினியிலும் அவை இயங்கும்.

மென்பொருளுக்காகப் பெருஞ்செலவு செய்யவும் வேண்டியதில்லை. கட்டுரையும் கணக்குத் தாளும் தயாரிக்க லிப்ரே ஆபிஸ் இலவசமாகக் கிடைக்கிறது. 1999ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகை விண்டோஸ் 11லேயே அடங்கியுள்ளது. அமைப்புகளில் சென்று தமிழைச் சேர்த்தால் போதும். கணினியிலும் கைத்தொலைபேசியிலும் தமிழ் எழுத வழிவகுத்த முரசு அஞ்சலும் செல்லினமும், நம் நாட்டவரான முத்து நெடுமாறனின் ஆக்கங்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம்.

பழைய மடிக்கணினியில் முதலில் தளர்வது மின்கலம். அதன் அறிக்கையை விண்டோஸே எழுதித் தரும். கடைக்காரரிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் அதில் அருகருகே இருக்கும். பாதிக்கும் கீழாகிவிட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். சில்லின் பெயர், நினைவகம், சேமிப்பகம், உத்தரவாதக் காலம் ஆகியவற்றை ரசீதில் எழுதி வாங்க வேண்டும். “நல்ல கணினி” என்று வாயால் சொன்னது வழக்குக்கு உதவாது. ரசீது இருந்தால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் முறையிடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை.

அந்தத் தம்பதியரின் ரசீதில் ‘மடிக்கணினி 1’ என்றும் விலையும் மட்டுமே இருந்தன. கடைக்குத் திரும்பிச் சென்றும் பயனில்லை. பையனும் நானும் அதன் சுழல்வட்டைக் கழற்றிவிட்டு ஓர் எஸ்எஸ்டியைப் பொருத்தி, லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தை ஏற்றினோம். அதற்குத் திருத்தங்கள் முறையாக வருகின்றன. பள்ளிக்கான கட்டுரைகளை அவன் இப்போது அதில்தான் எழுதுகிறான். அவனுடைய தந்தை மட்டும், பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கியதும், கணினி அணைந்திருந்தாலும் சரி, செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுகிறார். அது சரியான பழக்கமே.